கழி, கழிவு, கழிவுநீர்

சிட்னிக்குத் தெற்கே, ராயல் தேசியப் பூங்காவின் ஓரத்தில், நிலக்கரிச் சுரங்க ஊராக வளர்ந்த ஹெலன்ஸ்பர்க்கில் 1985-இல் குடமுழுக்குக் கண்ட வேங்கடேசுவரர் கோயிலுக்கு ஈழத்தவரும் தமிழகத்தவரும் ஒருங்கே வருகிறார்கள். ஒரே சொல் இருவர் நாவிலும் இருவேறு பொருளில் வாழ்வதை அறிய இதைவிட நல்ல இடம் வேண்டுமா? கழிவு என்றால் சென்னைக்காரர் காதில் குப்பையும் அழுக்குநீரும் விழும். யாழ்ப்பாணத்தவருக்கோ அது கடைக்காரர் குறைத்துத் தரும் தொகையுமாகும். நாம் தள்ளுபடி என்பதை அவர்கள் விலைக்கழிவு என்கிறார்கள்.

இரண்டுக்கும் தாய் கழி என்னும் வினை. கடந்து போதல் அதன் முதற்பொருள்: பொழுது கழிகிறது, ஆண்டு கழிகிறது. தானே கழிவது தன்வினை; நாம் கழிப்பது பிறவினை. ஐந்தில் இரண்டைக் கழித்தால் கணக்கு, விலையில் கழித்தால் ஆதாயம், உடல் கழித்தால் நலம். உரிச்சொல்லாக நின்று மிகுதியைச் சுட்டும்போது அதே ஒலி கழிபேருவகை என்று நெஞ்சை நிறைக்கிறது. அளவடியைத் தாண்டி நெடிலடியையும் தாண்டிய அடிக்குக் கழிநெடிலடி என்று பெயர் கொடுக்கிறது. நெய்தல் நிலத்திலோ கழி என்பது கடல்நீர் உள்ளேறிப் படரும் நீர்ப்பரப்பு. ஹெலன்ஸ்பர்க்கின் மழைநீரை வாங்கிக்கொண்டு பூங்காவினூடே வடக்கு நோக்கி ஓடும் ஹேக்கிங் ஆறு கடலைத் தொடும் இடத்தையும் நாம் கழிமுகம் என்றே சொல்வோம். அந்த ழகரத்தை நாவை வளைத்து ஒருமுறை ஒலித்துப் பாருங்கள். எதுவும் முட்டி நிற்பதில்லை, வழுக்கிச் செல்கிறது.

இத்தனை பொருள்களில் எதிலாவது ‘வீண்’ என்பது உண்டா? இல்லை. கழிவுநீர் என்றால் ஒரு பயனைக் கடந்து வந்த நீர், அவ்வளவே. அரிசி களைந்த கழுநீரை நம் வீடுகளில் மாட்டுக்கென்று தனிப்பானையில் சேர்த்தார்கள். கழு வேறு வினை என்றாலும் அந்த மனப்பான்மை ஒன்றுதான்.

நகரக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் புதுமுறை ஒன்று இப்பொருளுக்கு அரணாக நிற்கிறது. வழக்கமான நிலையங்கள் நீருக்குள் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்க்கின்றன. அவற்றின் மின்செலவில் பெரும்பங்கு இந்த ஊதலுக்கே போகிறது. காற்றில்லாத மூடிய கலத்திலோ வேறுவகை நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று மீத்தேன் தருகின்றன. மெல்பர்னின் கழிவுநீரில் ஏறத்தாழப் பாதியை ஏற்கும் வெரிபீ நிலையம் 1897 முதல் இயங்குகிறது. இன்று அங்குள்ள பெருங்குளங்களை உறையிட்டு மூடி, எழும் வளியைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

ஆனால் இவ்வுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. குளிர்ந்து நீர்த்துப்போன நகரக் கழிவுநீர் அவற்றைத் தன்னோடு அடித்துச் சென்றுவிடும். அதைத் தடுக்கவே நுண்துளைச் சவ்வு: நீர் கழிந்து போகும், உயிர்கள் உள்ளே தங்கும். சவ்வில் அழுக்கு அடைவதும், மீத்தேனில் ஒரு பகுதி நீரில் கரைந்து வெளியேறுவதும் இன்னும் தீராத இடர்கள். நீரில் எஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆற்றுக்கு ஆகா, பாசனத்துக்கோ உரம்.

மூடிய கலமும் சவ்வும் சேர்ந்த இக்கருவிக்குப் பெயர் வேண்டுமே! தமிழகப் பாடநூல் ‘காற்றில்லா’, ‘சவ்வு’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘காற்றின்றிய’, ‘மென்சவ்வு’ என்கிறது. சவ்வு நல்ல சொல். உயிருள்ள தோலின் நினைவைச் சுமப்பது. (சவ்வரிசியில் உள்ள சவ்வு இதுவன்று, அது மலாய்மொழிச் சாகு.) கலம் இன்னும் அழகு: தமிழகத்தில் பாத்திரம், இலங்கையில் உயிரணுவும்கூட. ஆகவே ‘காற்றின்றிய மென்சவ்வு உயிரிக்கலம்’ என்பதையே நான் தேர்வேன். பாத்திரமும் உயிரும் ஒரே சொல்லில் அமர்கின்றன.

சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் ஆங்கிலத்தில் ‘வீண்நீர்’ என ஒலிக்கும் பெயரைத் தவிர்த்து, ‘பயன்படுத்திய நீர்’ என்ற பொருள் தரும் தொடரை ஆள்கிறது. ஆங்கிலத்துக்கு அம்மாற்றம் தேவைதான். தமிழுக்குத் தேவையில்லை. கழிவுநீர் என்றே எழுதுங்கள், நண்பர்களே. அதை முகம் சுளிக்காமல் சொல்லுங்கள்.