அதிரடி நாவல்களின் முரட்டு நாயகன்

தனி ஆளாக, பெரும்பாலும் சட்டத்தின் துணையின்றி, உடல் வலிமையையும் போர்ப்பயிற்சியையும் நம்பி எதிரியை வீழ்த்தும் கதைத்தலைவனே அதிரடி நாவலின் முரட்டு நாயகன். துப்பறியும் கதையின் நாயகன் நடந்து முடிந்த குற்றத்தை ஆராய்கிறான். இவனோ நடக்கவிருப்பதைத் தடுக்க ஓடுகிறான், அல்லது துரத்துபவர்களிடமிருந்து தப்ப ஓடுகிறான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவெடுத்த இந்தக் கதைவகை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் மலிவுப் பதிப்புகளில் பல்கிப் பெருகியது. வாசகர்கள் தங்கள் அபிமான நாயகர்களை ஒப்பிடும்போது யார் பலசாலி, யார் குறி தவறாதவன் என்றே பேச்சு தொடங்கும். ஆனால் இந்த நாவல்களை ஆண்டு வரிசையில் படித்தால் வேறொரு ஒற்றுமை கண்ணில் படும். இவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு போரிலிருந்து திரும்பி வந்தவர்கள். அமைதிக் காலத்தில் தங்களுக்கு இடமில்லை என்று கண்டவர்கள்.

1915இல் வெளிவந்த 'தி தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' நாவலிலேயே இது தெரிகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பக்கன், வயிற்றுப்புண்ணால் படுக்கையில் கிடந்த நாட்களில் எழுதிய சிறிய நாவல் அது. அதன் நாயகன் ரிச்சர்ட் ஹானே தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பணம் சேர்த்தவன், போயர் போரில் உளவுப்பணி பார்த்தவன். 37 வயதில் லண்டனுக்கு வந்து செய்ய வேலையின்றிச் சலித்துக் கிடக்கிறான். அவனுடைய குடியிருப்பிலேயே ஒருவன் கொலையாகிறான். ஒரு பக்கம் காவல்துறை, மறுபக்கம் ஜெர்மானிய உளவாளிகள் என இரு தரப்பும் துரத்த, அவன் ஸ்காட்லாந்தின் பொட்டல் மலைகளில் ஓடி ஒளிகிறான். நிரபராதி ஒருவனை இரு தரப்பும் விரட்டும் இந்த அமைப்பு நூறாண்டு கடந்தும் தேயவில்லை. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1935இல் இதைப் படமாக்கினார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் நாயகனின் சலிப்பு முரட்டுத்தனமாக மாறியது. 'சாப்பர்' என்ற புனைபெயரில் எழுதிய மெக்நீல், 1920இல் புல்டாக் டிரம்மண்டைப் படைத்தார். போர் முடிந்து வீடு திரும்பிய இந்த ராணுவ அதிகாரி, அமைதி அலுத்துப்போய், சாகச வேலை வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிறான். கதை விறுவிறுப்பானது. ஆனால் அயல்நாட்டவர் மீதும் யூதர்கள் மீதும் அதில் கொட்டும் வெறுப்பை இன்று மன்னிக்க முடியாது. 1922இல் வந்த 'தி பிளாக் கேங்' நாவலில் டிரம்மண்டும் நண்பர்களும் முகமூடியும் கறுப்புடையும் அணிந்து, தங்களுக்குப் பிடிக்காத அரசியல்காரர்களைக் கடத்தித் தண்டிக்கிறார்கள். சட்டத்தைக் கையில் எடுக்கும் நாயகனைக் கொண்டாடும் எந்த நாவலிலும் இந்த ஆபத்து உண்டு. வில்லன்களின் தேசம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது: ஜெர்மானியர், ரஷ்யர், பிறகு மேற்கு ஆசியர்.

இந்த மரபில் மிகத் தனித்த நாவல், ஜெஃப்ரி ஹவுஸ்ஹோல்ட் 1939இல் எழுதிய 'ரோக் மேல்'. பெயர் சொல்லப்படாத ஆங்கிலேய வேட்டைக்காரன் ஒருவன், பெயர் சொல்லப்படாத ஐரோப்பியச் சர்வாதிகாரியைத் துப்பாக்கிக் குறிக்குள் கொண்டுவருகிறான். பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, எப்படியோ தப்பி இங்கிலாந்து சேர்கிறான். அங்கும் துரத்தப்பட்டு, டார்செட் கிராமப்புறத்தில் வேலிகளுக்கிடையே மண்ணுக்குள் வளை தோண்டி, விலங்கைப் போல ஒடுங்கிக் கிடக்கிறான். வேட்டையாடியவன் வேட்டைப்பொருளாக மாறும் அந்தப் பக்கங்களில் வீரம் என்பது அடிப்பதில் இல்லை, சேற்றிலும் இருட்டிலும் புத்தி கலங்காமல் தாக்குப்பிடிப்பதில் இருக்கிறது. விளையாட்டுக்காகவே குறிபார்த்தேன் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டவன், உண்மையான காரணத்தை மெல்ல மெல்லத்தான் ஒப்புக்கொள்கிறான். அவனது அந்த மனப்போராட்டம் துரத்தலுக்குச் சற்றும் குறையாத பரபரப்புடையது.

அமெரிக்காவில் 1947இல் மிக்கி ஸ்பில்லேன் அறிமுகப்படுத்திய மைக் ஹாமர், பசிபிக் காடுகளில் போரிட்டுத் திரும்பியவன். தன் உயிரைக் காக்கக் கையை இழந்த போர்த்தோழன் கொல்லப்பட, பழிவாங்கப் புறப்படுகிறான். மலிவுப் பதிப்பில் அவனது இந்த முதல் நாவல் லட்சக்கணக்கில் விற்றது. பிரிட்டனில் கடற்படை உளவுத்துறையில் பணியாற்றிய இயன் ஃபிளெமிங், 1953இல் 'கேசினோ ராயல்' மூலம் ஜேம்ஸ் பாண்டைக் கொண்டுவந்தார். பாண்ட் முரடன் என்பதைவிட அரசு ஊழியன் என்பதே பொருத்தம். மேலதிகாரி, சம்பளம், கோப்புகள் எல்லாம் அவனுக்கு உண்டு. அந்த நாவல்களின் வாசகர்கள் எவ்வளவு கூர்மையானவர்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. பாண்டின் பெரெட்டா கைத்துப்பாக்கி அந்த வேலைக்கு உதவாது என்று 1956இல் ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற வாசகர் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். ஃபிளெமிங் அதை ஏற்று, 1958இல் வந்த 'டாக்டர் நோ'வில் பாண்டுக்கு வால்தர் துப்பாக்கியைக் கொடுத்தார். ஆயுத நிபுணர் பாத்திரத்துக்கு அந்த வாசகரின் பெயரையே சூட்டினார்.

நாயகியர் இந்த மரபில் குறைவு. பீட்டர் ஓடன்னல் 1963இல் பத்திரிகைச் சித்திரத்தொடராகத் தொடங்கி, 1965 முதல் நாவல்களாகவும் எழுதிய மாடஸ்டி பிளைஸி அதில் தலையாயவள். இரண்டாம் உலகப் போரின்போது ஈரானில் கண்ட ஓர் அகதிச் சிறுமியின் நினைவிலிருந்து அவளை உருவாக்கியதாக ஓடன்னல் கூறியிருக்கிறார். ஆக, இவளும் போர் பெற்ற பிள்ளைதான். தமிழ் வாசகர்களுக்கு இவள் சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக நெடுங்காலமாக அறிமுகமானவள்.

வியட்நாம் போர் இந்த நாயகனை இரண்டாகப் பிளந்தது. டான் பெண்டில்டன் 1969இல் படைத்த மாக் போலன், வியட்நாமிலிருந்து வந்து மாஃபியாவை வரிசையாகக் கொன்று தள்ளுகிறான். தொடர் நூற்றுக்கணக்கான புத்தகங்களாக நீண்டது. மறுபக்கம், 1972இல் டேவிட் மோரல் எழுதிய 'ஃபர்ஸ்ட் பிளட்' இருக்கிறது. இவ்வகையில் வந்த அமெரிக்க நாவல்களில் இதுவே ஆகச்சிறந்தது. கனடாவில் பிறந்த மோரல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, போரிலிருந்து திரும்பிய மாணவர்கள் தூக்கமின்மையையும் கெட்ட கனவுகளையும் பற்றிப் பேசக் கேட்டவர். 'ரோக் மேல்' தன்னைப் பாதித்ததையும் சொல்லியிருக்கிறார். கென்டக்கியின் சிற்றூர் ஒன்றில் தாடியும் நீள்முடியுமாக நடந்துவரும் ராம்போவை, ஊரின் காவல்துறைத் தலைவர் டீசல் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறார். அவன் திரும்பி வருகிறான். மீண்டும் கொண்டுபோய் விடுகிறார். அற்பமான இந்தப் பிடிவாதத்திலிருந்து கொலைகளும் தீயும் வளர்கின்றன. டீசல் கொரியப் போரில் வீரப்பதக்கம் பெற்றவர். நாவல் ராம்போவின் பார்வையிலும் டீசலின் பார்வையிலும் மாறி மாறி நகர்வதால் எந்தப் பக்கமும் முழுதாகச் சாய முடியாமல் தவிக்கிறோம். 1982இல் இது படமானது. படத்தில் ராம்போ பிழைக்கிறான். நாவலிலோ அவனைப் பயிற்றுவித்த படைப்பிரிவைச் சேர்ந்த டிராட்மேனின் துப்பாக்கிக்கே பலியாகிறான். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த நாவலின் துயரம் தெரியாது.

1971இல் ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' கூலிக்கொலையாளியையே கதையின் நடுவில் நிறுத்தியது. ராபர்ட் லட்லம் 1980இல், குண்டடிபட்டு நினைவிழந்து மத்தியதரைக் கடலில் மீட்கப்படும் ஜேசன் போர்னைத் தந்தார். தன் கைகளுக்குக் கொல்லத் தெரிகிறது, ஏன் என்று தனக்கே தெரியவில்லை என்ற அவனது திகிலே அந்த நாவலின் பலம். டாம் கிளான்சி 1984 முதல் கருவிகளையும் நீர்மூழ்கிகளையும் முன்னே கொண்டுவந்தபோது தனிமனிதன் சற்றுப் பின்னுக்குப் போனான்.

அவனை மீட்டுவந்தவர் லீ சைல்ட். ஜிம் கிராண்ட் என்பது அவரது இயற்பெயர். மான்செஸ்டரின் கிரனாடா தொலைக்காட்சியில் பல்லாண்டு பணியாற்றி, 1995இல் ஆட்குறைப்பில் வேலையிழந்து, காகிதமும் பென்சிலும் வாங்கி எழுத உட்கார்ந்தார். 1997இல் 'கில்லிங் ஃப்ளோர்' வந்தது. அதன் நாயகன் ஜாக் ரீச்சரும் வேலையிழந்தவனே. பனிப்போர் முடிந்து ராணுவம் சுருங்கியபோது வெளியேறிய ராணுவக் காவல்துறை மேஜர். ஆறடி ஐந்தங்குல உயரம். வீடு இல்லை, பெட்டி இல்லை. மடக்கும் பல்துலக்கி ஒன்றுதான் உடைமை. சண்டைக்கு முந்தைய சில நொடிகளில் யாரை எந்த வரிசையில் வீழ்த்துவது என்று அவன் மனம் போடும் கணக்கை லீ சைல்ட் நிதானமாக விரித்துச் சொல்வார். அந்த நிதானத்தில்தான் ரீச்சர் நாவல்களின் சுவை. 2012 படத்தில் அவனைவிட மிகக் குள்ளமான டாம் குரூஸ் நடித்ததை வாசகர்கள் கடைசிவரை ஏற்கவில்லை. 2022இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஆலன் ரிட்ச்சன் வந்தபிறகே குறை தீர்ந்தது.

வின்ஸ் ஃபிளினின் மிட்ச் ராப், ஜாக் காரின் ஜேம்ஸ் ரீஸ் ஆகியோர் பயங்கரவாத எதிர்ப்புக் காலத்தின் நாயகர்கள். ஜாக் கார் தாமே அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் இருந்தவர். 2018இல் வந்த அவரது முதல் நாவலில் ராணுவத் தணிக்கை நீக்கிய வரிகள் கறுப்புப் பட்டைகளாகவே அச்சாகின. மார்க் கிரேனியின் 'தி கிரே மேன்' நாவல் 2009இல் வெளியானது. 2022இல் அது படமானபோது தனுஷ் அதில் கொலையாளியாக நடித்தார்.

இந்த நாயகர்கள் தங்களைப் படைத்தவர்களைவிட நீண்ட ஆயுள் உடையவர்கள். லட்லம் 2001இல் மறைந்தபின் எரிக் வான் லஸ்ட்பேடர் போர்னைத் தொடர்ந்தார். ஃபிளின் 2013இல் 47 வயதில் இறந்தபோது ராப் கதை ஒன்று சில பக்கங்களோடு நின்றிருந்தது. கைல் மில்ஸ் அதை முடித்து 2015இல் வெளியிட்டார். லீ சைல்ட் மட்டும் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பை மாற்றினார். 2020 முதல் ரீச்சர் நாவல்கள் அவர் பெயரோடு தம்பி ஆண்ட்ரூவின் பெயரையும் தாங்கி வரத் தொடங்கின.