கட்டை வண்டிக்கு மோட்டார் சக்கரம்

சற்று நீண்ட பதிவு இது. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சக்கரத்தின் வரலாறு என்றால் நம் பாடப்புத்தகம் மெசபொடேமியாவில் தொடங்கி, ஒரே தாவலில் நீராவி ரயிலுக்குப் போய்விடும். நம் தலைமுறை கண்ணெதிரே பார்த்த ஒரு மாற்றம் அதில் இல்லை. கட்டை வண்டியின் மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய காரிலோ லாரியிலோ இருந்த சக்கரத்தை மாட்டினார்களே, அந்த மாற்றம்தான். கட்டை வண்டி டயர் வண்டி ஆனது. இதனால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் சிக்கலானது.

முதலில் பழைய சக்கரம். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. குடத்துக்கும் ஆரக்காலுக்கும் கருவேல மரம் நன்றாகத் தாங்கும். பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே அடிப்பார்கள். நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த சூட்டோடு சக்கரத்தில் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றினால் இறுகி, மரம் முழுவதையும் கவ்விக்கொள்ளும். வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். அவர்கள் பார்த்ததில்லையே!

காற்றடைத்த டயரின் கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. 1845இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். குதிரை வண்டியில் மாட்டியும் காட்டினார். அன்று அதற்குத் தேவை இருக்கவில்லை, உலகம் மறந்துவிட்டது. பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக ஒன்றைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். டன்லப் தொழிலால் யார் தெரியுமா? கால்நடை மருத்துவர். மாட்டு வண்டிக்கு டயர் வந்த கதையில் இந்தப் பொருத்தத்தை நான் மிகவும் ரசிப்பேன்.

நம் நாட்டில் டயரை வண்டிக்காரர் கேட்பதற்கு முன்பே சாலை கேட்டது. மோட்டார் பெருகியபோது சாலைகள் கெட்டன. 1927இல் ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைந்து, மறு ஆண்டு அறிக்கை தந்தது. பெட்ரோல் வரியிலிருந்து சாலை நிதி, 1934இல் இந்திய சாலைகள் காங்கிரஸ் எல்லாம் அதன் தொடர்ச்சிதான். அன்றைய எஞ்சினியர்களின் புகார், இரும்புப் பட்டா சாலையை அறுக்கிறது என்பது. உண்மைதான். இரண்டு அங்குல அகலமே உள்ள இரும்பின் மீது அரை டன் பாரம் இறங்கினால் கல் நொறுங்கும். குடம் தேய்ந்து சக்கரம் ஆடினால் இன்னும் மோசம்.

ஆனால் பாதி உண்மை. அன்றைய சாலை சரளைக்கல்லும் கல்தூளும் சேர்ந்து இறுகியது. வேகமாகப் போகும் மோட்டாரின் ரப்பர் டயர் அந்தத் தூளை உறிஞ்சிக் கிளப்பிவிடும். பிடிமானம் போன கல்லைத்தான் பின்னால் வரும் கட்டை வண்டி உடைத்தது. பழி முழுவதும் மாட்டு வண்டிமேல் விழுந்தது. கிராமத்து வண்டி காருக்காக ஏன் டயர் வாங்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

டன்லப் கம்பெனி 1936இல் வங்காளத்தில் சாகாகஞ்சில் தொழிற்சாலை திறந்தது. மாட்டு வண்டிக்கென்றே தனி டயர்களும் பின்னாளில் விற்பனைக்கு வந்தன. விலைதான் எட்டாது. ஆகவே பெரும்பாலானவர்கள் நாடியது பழைய இரும்புக் கடையைத்தான்.

ஒரு மாடல் லாரியின் சக்கரம் இன்னொரு மாடலுக்கு அப்படியே சேராது. போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத் துளையின் அளவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் கனரக பிக்கப் வண்டிகளில் எட்டு போல்ட்டுகளும் 165.1 மி.மீ. வட்டத்தில் இருந்தன. 1999 மாடல் சூப்பர் டியூட்டியில் அது 170 மி.மீ. ஆனது. ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவுதான், புதுச் சக்கரம் பழைய வண்டியில் ஏறாது. நம் ஊர்ப் பட்டறைக்காரர் இந்தத் தொல்லைக்கே போகவில்லை. சக்கரத்தை மட்டும் எடுக்காமல், ஹப்பையும் பேரிங்கையும் அச்சு முனையையும் சேர்த்தே எடுத்து, ஒரு இரும்புச் சட்டத்தின் இரு முனையிலும் வெல்டிங் வைத்துவிட்டார். எந்த அளவும் எதனோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை!

அதோடு முடியவில்லை. ஐந்தடிச் சக்கரம் இருந்த இடத்தில் இரண்டரை அடிச் சக்கரம் வந்தால் அச்சு கீழே இறங்கும். காளையின் கழுத்து அதே உயரத்தில்தான் இருக்கும். ஏர்க்காலைத் தூக்கி அமைக்காவிட்டால் வண்டி பின்னால் சாயும். மணலில் டயர் புதையாது, இது பெரிய வசதி. முள்தான் எமன். எந்தக் கருவேல மரத்தில் சக்கரம் செய்தார்களோ, அதன் முள்ளே டயரைப் பஞ்சராக்கியது.

இனி காளையின் கணக்கு. டயரும் பேரிங்கும் சேர்ந்தால் இழுப்பது மிகவும் லேசு. இறக்கத்தில் மட்டும் வண்டி காளையைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்க்கும். கழுத்தால்தான் அது தடுக்க வேண்டும். சரி, லேசான அந்த வேலையின் பலன் காளைக்குப் போனதா? 1965ஆம் ஆண்டின் மத்திய விதிகளைப் பாருங்கள். இழுவை விலங்குகளை வதைப்பதைத் தடுக்க வந்தவை. நடுத்தரக் காளைக்கு, டயர் இல்லாத இரு சக்கர வண்டியில் 700 கிலோ. டயர் இருந்தால் 1,050. பேரிங் இருந்தால் 1,400 என்று உச்ச வரம்பு. அதே காளை, அதே கழுத்து! இழுவை குறைந்த அளவுக்குப் பாரத்தை ஏற்றிக்கொள்ளச் சட்டமே வழி விட்டது. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது என்றெல்லாம் அதே விதிகளில் உண்டு. மகாராஷ்டிரத்தில் கரும்பாலைக்குப் போகும் டயர் வண்டிகளின் படத்தைப் பாருங்கள். மலைபோல் கரும்பு, முன்னால் இரண்டு கொம்பு மட்டும் தெரியும்.

பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி இதைப் பல ஆண்டுகள் பேசி வந்தார். நாட்டில் சுமார் 1.5 கோடி கால்நடை வண்டிகள் இருப்பதாகக் கணக்குச் சொன்னவர் அவர். சக்கரத்தோடு நுகத்தடியையும் திருத்த வேண்டும் என்பது அவர் வாதம். சக்கரம் மாறியது. நுகத்தடி அநேகமாக அப்படியே இருந்தது. பிறகு டிராக்டர் வந்து காளையையே அவிழ்த்துவிட்டது.

பட்டா கட்டும் ஆசாரியை நேரில் பார்த்தவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் குடம், வட்டை, கடையாணிக்கு வேறு பெயர்கள் வழங்கினால் அவற்றையும் குறிப்பிடுங்கள். சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.