படை லாரிகளின் மின் இணைப்பிகள்: பழுதும் அழுத்திணைப்பும்

படை லாரிகளின் மின் இணைப்பிகள் என்பவை ராணுவச் சரக்கு வண்டிகளில் பேட்டரி, ஸ்டார்ட்டர், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், விளக்குகள், அளவுமானிகள் ஆகியவற்றைக் கம்பிகளோடு சேர்க்கும் லக், பின், சாக்கெட், கப்ளர் போன்ற உறுப்புகள். பழைய வண்டிகளின் மின் கோளாறுகளில் பல, கம்பியின் நடுவில் அல்லாமல் இந்த முனைகளில்தான் தோன்றுகின்றன. லக்கின் குழாய்க்குள் கம்பியைச் செருகிக் கருவியால் நெரித்து ஒன்றாக்கும் முறை அழுத்திணைப்பு எனப்படும். பட்டறையில் இது கிரிம்பிங்.

வண்டிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நேசநாட்டுப் படைகள் விட்டுச்சென்ற லாரிகள் இந்தியச் சாலைகளில் நெடுநாள் ஓடின. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் உருவான சக்திமான் லாரி 1959 முதல் 1990களின் நடுப்பகுதி வரை தயாரிக்கப்பட்டது. ஜபல்பூரில் தனி வாகனத் தொழிற்சாலை 1969இல்தான் தொடங்கியது. நிசான் பேட்ரோல் வடிவமைப்பைக் கொண்ட ஜோங்கா வண்டியும் அங்கே உருவானது. எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரி 1990களில் படையில் இடம்பெற்றது. படையிலிருந்து கழிக்கப்படும் வண்டிகள் ஏலத்தில் தனியாரிடம் செல்கின்றன. அதன்பின் அவற்றின் வயரிங் உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கைக்கு வருகிறது.

மின்னமைப்பு

கனரகப் படை லாரிகளில் 24 வோல்ட் அமைப்பே பெருவழக்கு. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 28 வோல்ட்டைத் தொடும். சாதாரண லாரியில் இல்லாத சுற்றுகளும் இவற்றில் உண்டு. எதிரிக்குத் தெரியாமல் இரவில் செல்ல மறைவிளக்குகள், பின் டிஃபரன்ஷியலின் வெள்ளை வட்டத்தின்மீது ஒளி விழச்செய்யும் கான்வாய் விளக்கு, இழுவண்டிக்கான சாக்கெட் ஆகியவை அத்தகையவை. வண்டியின் அடியில் இருப்பதால் கான்வாய் விளக்கின் இணைப்பில் சேறும் நீரும் எளிதில் புகும்.

அமெரிக்காவின் எம்35 வகை லாரிகளில் ரப்பர் உறையிட்ட ஒற்றைக்கம்பி இணைப்பிகள் உண்டு. கம்பிதோறும் சுற்று எண் பொறித்த உலோகப் பட்டை இருக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில் தோட்டா வடிவ இணைப்பிகளும், ஜெர்மன் வழிவந்தவற்றில் திருகு முனைகளும் தட்டை முனைகளும் மிகுதி.

பழுதின் காரணங்கள்

ஈரமும் காற்றும் பட்டுச் செம்பில் களிம்பு ஏறுகிறது. பித்தளை முனை கறுக்கிறது. ரப்பர் உறை வெயிலிலும் எண்ணெயிலும் இறுகி வெடிக்கிறது. அதிர்வால் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. சேசிஸில் எர்த் லக் அமரும் இடத்தில் துருவோ பெயிண்டோ இருந்தால் மின்சாரம் திரும்பும் வழி தடைபடுகிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். 10 ஆம்பியர் ஓடும் விளக்குச் சுற்றின் ஒரு முனையில் 0.1 ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் குறைந்து, அந்த முனையில் 10 வாட் வெப்பம் உண்டாகும். 300 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டர் கேபிளில் 0.01 ஓம் தடையே 3 வோல்ட்டைத் தின்று 900 வாட் வெப்பத்தைக் கிளப்பும். ஸ்டார்ட்டர் திணறியதும் நல்ல பேட்டரியை மாற்றிவிடுகிற வீண்செலவுக்கு இதுவே காரணம்.

கரையோரச் சூழல்

வண்டி ஓடும் இடமும் பழுதைக் கூட்டும். எடுத்துக்காட்டாக, புதுச்சேரி பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம், புதுச்சேரி - கடலூர் நெடுஞ்சாலையில் வங்கக்கடலுக்கு அருகே உள்ள ஊர். இத்தகைய கரையோரங்களில் காற்றின் உப்பும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் சேர்ந்து அரிப்பை விரைவுபடுத்துகின்றன. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால், மழை விட்ட பின்னும் முனை முழுதாக உலராது. ஆகவே இங்கே வெள்ளீயம் பூசிய செம்பு லக்கும் நீர்புகா உறையும் கட்டாயத் தேவை.

அழுத்திணைப்பின் அடிப்படை

சரியான அழுத்தத்தில் இழைகளும் லக்கின் குழாயும் உருமாறி, இடையில் காற்று புக இடமின்றி நெருங்குகின்றன. உலோகப் பரப்புகள் நேரடியாகத் தொடுவதால் தடை மிகக் குறைவாக இருக்கும். 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆம்ப் நிறுவனம் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் இவ்வகை முனைகளைப் பரவலாக்கியது.

ஈயம் வைத்த முனையில் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைப்பாக்குகிறது. விறைத்த பகுதி முடியும் இடத்தில் அதிர்வு குவிந்து கம்பி ஒடிகிறது. எனவே அதிரும் வண்டியில், தாங்கலின்றி விட்ட ஈய இணைப்பைவிட நல்ல அழுத்திணைப்பு உறுதியானது. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது வழியில் நின்ற வண்டியைப் பட்டறை சேர்க்க உதவும். அதை நிரந்தரமாக விடக்கூடாது.

செய்முறை

முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்ற வேண்டும். பிரிக்கும் முன் ஒவ்வொரு கம்பியின் எண்ணையும் இடத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். களிம்பு ஏறிய பகுதியை, பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி நீக்க வேண்டும். நீளம் குறைந்தால் அதே பருமனுள்ள பல இழைக் கம்பியைச் சேர்க்கலாம். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி அதிர்வைத் தாங்காது.

உறையிட்ட லக்குகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. கம்பிக்கும், நீலம் 1.5 முதல் 2.5 வரைக்கும், மஞ்சள் 4 முதல் 6 வரைக்கும் உரியவை. இழை ஒன்றும் அறுபடாமல் தோலுரித்து, செம்பு முனை குழாயின் மறுபுறம் சற்றே தெரியும்படி செருக வேண்டும். தோல் பகுதி செம்பை நெரிக்கும் இடத்துக்குள் நுழையக்கூடாது. ராட்செட் கருவி அழுத்தம் முழுமையாகும்வரை விடாது என்பதால் அதுவே ஏற்றது. பேட்டரி கேபிளின் தடித்த லக்குக்கு அறுகோண அச்சுள்ள ஹைட்ராலிக் கருவி வேண்டும். சுத்தியலால் அடித்த லக் ஒருபுறம் நசுங்கி மறுபுறம் தளர்ந்திருக்கும். முடிவில், உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்கி மூட வேண்டும்.

சோதனை

இணைப்பைக் கையால் நன்றாக இழுத்துப் பார்ப்பது முதல் சோதனை. அடுத்து, விளக்கை எரியவிட்டு இணைப்பின் இருபுறமும் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த முனையை வெட்டி மீண்டும் செய்ய வேண்டும். மின்சாரம் ஓடாத நிலையில் ஓம் அளப்பது போதாது: ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்ல அளவையே காட்டும்.

மதிப்பீடு

பழைய படை லாரியின் வயரிங்கை முழுதாகப் பிடுங்கி எறிந்து புதிதாகப் போடுவது பெரும்பாலும் தேவையற்றது. கம்பித் தோல் நெகிழ்வாக இருக்கும்வரை, முனைகளை ஒழுங்காக அழுத்தி இணைத்து, பழைய சுற்று எண்களையும் காத்து வைத்தால் வண்டியின் மூல அமைப்பு சிதையாது. அடுத்துப் பழுதுபார்ப்பவருக்கும் வழி தெரியும்.