கிடங்கு அங்காடியும் பேரங்காடியும்

கிடங்கு அங்காடி என்பது, ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினரானவர்களுக்கு மட்டும், சாதாரணக் கடைகளில் கிடைப்பதைவிடப் பெரிய அளவுகளில், கிடங்கின் தோற்றத்தை மாற்றாத கட்டடத்திலேயே பொருள்களை விற்கும் வணிக முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1976இல் தோன்றிய இம்முறையில் இன்று காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப், பிஜேஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் முன்னிற்கின்றன. சூப்பர் மார்க்கெட் எனப் பரவலாக வழங்கும் பேரங்காடி, யாரும் எப்போதும் நுழைந்து வேண்டிய அளவில் வேண்டிய வகையை எடுத்துக்கொள்ளும் இடம். அன்றாட மளிகைக்கு இவ்விரண்டில் எது மலிவு என்னும் கேள்விக்கு விலைப்பட்டியல் மட்டும் விடை தராது. சரக்கைச் சேமித்து வைப்பது, சிறு அளவுகளாகப் பகுப்பது, வீட்டருகே கொண்டுவந்து வைப்பது, அதில் பணத்தை முடக்குவது ஆகிய வேலைகளைப் பேரங்காடி தன் விலைக்குள் அடக்கிச் செய்கிறது. அவற்றில் பெரும்பகுதியை வாங்குபவரின் வீட்டுக்கு மாற்றிவிடுவதே கிடங்கு அங்காடியின் மலிவுக்கு அடிப்படை. ஆகவே அவ்வேலைகளை ஏற்க இயலும் வீட்டுக்குத்தான் அந்த மலிவு முழுமையாகக் கிட்டுகிறது.

தோற்றம்

இரண்டில் மூத்தது பேரங்காடி. கடைக்காரர் மேடைக்குப் பின்னால் நின்று, கேட்ட பொருளை எடுத்து நிறுத்துத் தந்த பழைய முறையை மாற்றி, வாங்குபவரே கூடையோடு சென்று எடுத்துக்கொள்ளும் முறையை, கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கிய பிக்லி விக்லி கடை நிலைநாட்டியது. 1930 ஆகஸ்டில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் திறந்த கிங் கல்லன் கடை, அம்முறையைப் பெரும் பரப்பும் குறைந்த விலையும் கொண்ட இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. கடை ஊழியர் செய்துவந்த வேலையில் ஒரு கூறு அப்போதே வாங்குபவரின் கைக்கு மாறிவிட்டது. கிடங்கு அங்காடி அதே திசையில் இன்னும் நெடுந்தொலைவு சென்ற வடிவம் எனலாம்.

அத்தொலைவைக் கடந்தவர் சால் பிரைஸ். கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் வழக்கறிஞராக இருந்த இவர், 1954இல் ஃபெட்மார்ட் என்னும் மலிவு விலைக் கடையைத் தொடங்கி வளர்த்து, பின்னர் அந்நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்ததும், தம் மகன் ராபர்ட்டுடன் சேர்ந்து 1976இல் அதே நகரில் பழைய விமானக் கொட்டகை ஒன்றில் பிரைஸ் கிளப் என்னும் முதல் கிடங்கு அங்காடியைத் திறந்தார். சிறு கடைக்காரர்கள், உணவகம் நடத்துவோர் முதலிய வணிகர்களுக்கென்றே தொடங்கப்பட்ட அவ்விடத்தில் உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 25 டாலர். குடும்பத்தினர் பிற்பாடே சேர்க்கப்பட்டனர். இன்றும் இவ்வங்காடிகளில் மாவும் எண்ணெயும் உணவகத்துக்குரிய அளவுகளில் அடுக்கப்பட்டிருப்பதற்கு இந்தப் பிறப்பே காரணம்.

1983இல் வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டன் ஓக்லஹோமாவில் சாம்ஸ் கிளப்பையும், ஃபெட்மார்ட்டில் சால் பிரைஸிடம் தொழில் பயின்ற ஜேம்ஸ் சினெகல், ஜெஃப்ரி பிராட்மனுடன் இணைந்து சியாட்டிலில் காஸ்ட்கோவையும் தொடங்கினர்; பிஜேஸ் 1984இல் மாசசூசெட்ஸில் எழுந்தது. பிரைஸ் கிளப் 1993இல் காஸ்ட்கோவுடன் இணைந்தது.

மலிவு உருவாகும் விதம்

அமெரிக்கப் பேரங்காடி ஒன்றில் ஏறத்தாழ 30,000 வகைப் பொருள்கள் இருக்கும். காஸ்ட்கோ கிடங்கில் இருப்பவை 4,000க்கும் குறைவு. பேரங்காடியில் தக்காளிச் சாறு என்றால் பல நிறுவனங்களின் பல அளவுப் புட்டிகள் வரிசையாக நிற்கும். கிடங்கில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வகை குறைவதால் ஒவ்வொரு பொருளும் பெருந்தொகையில் கொள்முதல் செய்யப்படுகிறது, உற்பத்தியாளரிடம் பேரம் பேசும் வலிமை கூடுகிறது, சரக்கு தேங்காமல் விரைந்து நகர்கிறது. பொருள்கள் பாலெட் எனப்படும் மரத்தட்டுகளின் மேல் வந்த அட்டைப்பெட்டியோடு அப்படியே விற்பனைத் தளத்தில் இறக்கப்படுவதால், ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கும் கூலி மிஞ்சுகிறது. பொருளைத் தம் அலமாரியில் வைப்பதற்கென உற்பத்தியாளரிடம் பேரங்காடிகள் பல வாங்கும் அலமாரிக் கட்டணமும் காஸ்ட்கோவில் இல்லை.

2008இல் சாம்ஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் கொண்டுவந்த சதுரப் பால்கலன், இம்முறையின் இயல்பைக் கைக்குள் வைத்துக் காட்டும் பொருள். ஏறத்தாழ 3.8 லிட்டர் கொள்ளும் வழக்கமான கேலன் கலன் மேற்புறம் குறுகியிருப்பதால், அதைக் கூண்டுகளில் வைத்தே ஏற்றியனுப்ப வேண்டும்; வெறுங்கூண்டுகளைத் திரும்ப எடுத்துச் சென்று கழுவவும் வேண்டும். தட்டையான மேற்புறம் கொண்ட புதுக்கலன்களோ கூண்டின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஒரே வண்டியில் கூடுதலான பால் வந்தது, விலையும் சற்று இறங்கியது. ஆனால் அக்கலனிலிருந்து ஊற்றும்போது பால் சிந்துகிறது என்று வாங்கியவர்களில் பலர் குறைப்பட்டுக்கொண்டனர். கிடங்கில் ஒழிந்த வேலை சமையலறைக்கு வந்து சேர்ந்தது என்பதே இதன் பொருள்.

காஸ்ட்கோ, கொள்முதல் விலையின் மேல் பிற நிறுவனப் பொருள்களுக்கு 14 விழுக்காட்டுக்கும், கிர்க்லண்ட் சிக்னேச்சர் என்னும் தன் சொந்தப் பெயர்ப் பொருள்களுக்கு 15 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றுவதில்லை என்னும் வரம்பைக் கடைப்பிடித்து வருகிறது. பேரங்காடிகள் வைக்கும் ஏற்றம் பொதுவாக இதைவிட மிகுதி. பொருளை விற்று ஈட்டாத இலாபத்தைக் கிடங்கு அங்காடி உறுப்பினர் கட்டணத்தில் ஈட்டுகிறது: காஸ்ட்கோவின் 2024ஆம் நிதியாண்டில் நிகர இலாபம் ஏறத்தாழ 737 கோடி டாலராக இருக்க, உறுப்பினர் கட்டண வருவாய் மட்டும் ஏறத்தாழ 483 கோடி டாலர். கடை தன் உறுப்பினருக்கு முதன்மையாக விற்பது விலைகுறைந்த பொருளை வாங்கும் உரிமையை எனக் கொள்வது பொருந்தும்.

விலை ஒப்பீடு

ஒப்பீட்டுக்கு ஏற்ற அளவுகோல் அலகு விலை ஆகும். அதாவது பொட்டலத்தின் விலையை அதன் எடையாலோ கொள்ளளவாலோ வகுத்துக் கிடைக்கும் தொகை. அமெரிக்காவில் இதை விலைச்சீட்டில் காட்டுவதைச் சில மாநிலங்கள் மட்டுமே கட்டாயமாக்கியுள்ளன. ஓரிடத்தில் பவுண்டுக்கும் மற்றோரிடத்தில் அதில் பதினாறில் ஒரு பங்கான அவுன்ஸுக்கும் விலை குறிக்கப்படும்போது, கணக்கிட்டுப் பார்க்காதவருக்குப் பெரிய பொட்டலமே மலிவு என்று தோன்றிவிடும். அரிசி, மாவு, சமையல் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முந்திரி, பாதாம், காப்பிக்கொட்டை, சலவைத்தூள், கழிவறைக் காகிதம் ஆகியவற்றில் கிடங்கு அங்காடியின் அலகு விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. கொத்தமல்லித்தழை, கீரை, ஒருவேளைச் சமையலுக்கான காய்கறி, எப்போதோ வேண்டியிருக்கும் குழம்புப்பொடி போன்றவற்றில் பேரங்காடியை விஞ்ச அதனால் இயலாது.

பேரங்காடியின் வலிமை வாராந்தரத் தள்ளுபடியில் உள்ளது. வாடிக்கையாளரைக் கடைக்குள் அழைப்பதற்காகச் சில பொருள்களை அது அடக்க விலைக்கும் கீழே விற்று, அவர்கள் கூடவே வாங்கும் மற்றப் பொருள்களில் அந்த நட்டத்தை ஈடுகட்டுகிறது. நவம்பரில் நன்றியறிதல் நாளை ஒட்டி விற்கப்படும் வான்கோழி இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. அந்நாள்களில் அதன் விலையைக் கிடங்கு அங்காடி நெருங்குவதே அரிது. உற்பத்தியாளர் வெளியிடும் தள்ளுபடிச் சீட்டுகளையும் பேரங்காடி ஏற்கிறது. மூன்று கிடங்கு நிறுவனங்களில் பிஜேஸ் மட்டுமே அவற்றை ஏற்கிறது. ஈர்ப்புப் பொருள் வைக்கும் உத்தி கிடங்குகளிலும் உண்டு. காஸ்ட்கோ 2009 முதல் 4.99 டாலருக்கு விற்றுவரும் சுட்ட கோழி, கடையின் கடைக்கோடியில் வைக்கப்படுகிறது. அதை எடுக்கச் செல்பவர் துணிமணி, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றின் நடுவே நடந்தாக வேண்டும். பட்டியல் எழுதாமல் செல்பவர் மளிகையில் மிச்சப்படுத்தியதை அந்த நடையிலேயே செலவிட்டுவிடுவது எளிது.

உறுப்பினர் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் காஸ்ட்கோவின் அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 65 டாலர். பேரங்காடியைவிடச் சராசரியாக 10 விழுக்காடு மிச்சமாகும் வீடு, அக்கட்டணத்தை மீட்கவே ஆண்டுக்கு 650 டாலர் மதிப்புள்ள சரக்கைப் பேரங்காடிக்குப் பதிலாக அங்கே வாங்க வேண்டும். வாங்கும் தொகையில் 2 விழுக்காட்டைத் திருப்பித் தரும் உயர்நிலை உறுப்பினர் கட்டணம் 130 டாலர். கூடுதலாகச் செலுத்திய 65 டாலர் திரும்பக் கிடைக்க ஆண்டுக்கு 3,250 டாலருக்கு வாங்கியாக வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட வீட்டுக்கு இது இயல்பான செலவு. தனியாக வாழ்பவருக்கோ பெரும்பாலும் எட்டாத தொகை.

வீட்டுச் சேமிப்பும் வீணாதலும்

அலகு விலை சொல்லாத செலவு ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் மதிப்பீட்டின்படி, 2010இல் அந்நாட்டின் சில்லறைக் கடைகளுக்கும் நுகர்வோருக்கும் கிடைத்த உணவில் 31 விழுக்காடு உண்ணப்படாமல் போயிற்று; அதில் 21 விழுக்காடு நுகர்வோர் நிலையிலும் 10 விழுக்காடு கடைகளிலும் நேர்ந்த இழப்பு. பேரங்காடியில் அழுகும் காய்க்கான நட்டம் கடைக்குரியது; பெரிய பையாக வாங்கி வந்த காய் வீட்டில் அழுகினால் நட்டம் வீட்டுக்குரியது. கால் பங்கு மலிவாக வாங்கிய பொருளில் கால் பங்கைக் குப்பையில் கொட்டினால், ஆதாயம் ஒரு காசும் இல்லை. தீட்டிய வெள்ளரிசி ஈரமும் வண்டும் அணுகாத கலனில் ஆண்டுக்கணக்கில் கெடாது. தவிட்டில் எண்ணெய்ப்பசை உள்ள பழுப்பரிசி சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். முந்திரி, பாதாம் ஆகியவையும் நாள்பட்டால் அவ்வாறே கெடும் என்பதால் அவற்றை உறைபெட்டியில் வைப்பதே தகும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மளிகை இக்காரணத்தால் இயல்பாகவே பிரிந்து நிற்கிறது. 20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9 கிலோ, பாஸ்மதி அரிசி மூட்டை, பால், வெண்ணெய், வெங்காயம் போன்ற விரைந்து தீரும் பொருள்களுக்குக் கிடங்கு அங்காடியும், இட்லியரிசி, உளுந்து, துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு இந்திய மளிகைக் கடையும் பயன்படுகின்றன. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு 2023 ஜூலை 20 அன்று தடை விதித்தபோது, அங்குள்ள இந்தியக் கடைகளில் சோனா மசூரிக்கும் பொன்னிக்கும் கூட்டம் முண்டியடித்தது. ஆளுக்கு இத்தனை மூட்டை என்று கடைகள் பல வரம்பு வைத்தன. தடை 2024 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

மலிவு எட்டாதவர்கள்

மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்னும் அறிவுரை, கையில் பணம் இருப்பவருக்கே பொருந்துகிறது. யெஷிம் ஓர்ஹூன், மைக் பலாசோலோ ஆகியோர் கழிவறைக் காகித வாங்கலை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, வருவாய் குறைந்த குடும்பங்கள் பெரிய பொட்டலம் வாங்கவும் தள்ளுபடி வரும்வரை காத்திருக்கவும் இயலாமல் போவதற்குக் கைப்பணப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது. மிச்சத்தின் தேவை மிகுந்தவர்களுக்கே மிச்சப்படுத்தும் வழி அடைபட்டிருப்பது கவலைக்குரியது. அரசின் உணவு உதவித் தொகையைக் காஸ்ட்கோ 2009 முதல் ஏற்றுவந்தாலும் உறுப்பினர் கட்டணத்தை அதிலிருந்து செலுத்த முடியாது. நகருக்கு வெளியே உள்ள கிடங்குக்குச் செல்லக் காரும் சரக்கை வைக்க இடமும் வேண்டும். இத்தகைய வீடுகளுக்கு, சில்லறை அளவிலேயே தன் சொந்தப் பெயர்ப் பொருள்களைக் கட்டணமின்றி மலிவாக விற்கும் ஆல்டி போன்ற கடைகள், கிடங்கு அங்காடியைவிட மிகுந்த பயன் தருகின்றன.

இந்தியாவில்

குடும்பங்களுக்கான கிடங்கு அங்காடி இந்தியாவில் வேரூன்றவில்லை. மொத்த வணிகத்தில் முழு அந்நிய முதலீட்டை அனுமதித்த அரசின் கொள்கை, அவ்விற்பனை வணிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே நிகழ வேண்டும் என்று வரையறுத்ததால், 2003இல் பெங்களூரில் தொடங்கிய ஜெர்மனியின் மெட்ரோவும், 2009இல் அமிர்தசரஸில் தொடங்கிய வால்மார்ட்டின் பெஸ்ட் பிரைஸும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் உணவகங்களுக்குமே விற்றன. பெஸ்ட் பிரைஸ் 2020இல் ஃபிளிப்கார்ட்டிடமும், மெட்ரோவின் இந்திய வணிகம் 2023இல் ரூ. 2,850 கோடிக்கு ரிலையன்ஸ் ரீடெய்லிடமும் சென்றன. இந்திய வாங்குபவருக்கு வேறொரு வசதி உண்டு: பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்தில் கிலோவுக்கான விலையும், அதற்குக் குறைந்ததில் கிராமுக்கான விலையும் அதிகபட்ச சில்லறை விலையோடு சேர்த்து அச்சிடப்பட வேண்டும்.