எந்தப் போன் நல்ல போன்?
(மின்னணுவியல் துறைப் பழைய மாணவன், 2006–2010)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா, உன் துறை சம்பந்தமா இருக்கட்டும்" என்று சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்தார். என்ன எழுதுவது என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோதே அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "அது கிடக்கட்டும். பையன் காலேஜ் சேர்ந்திருக்கான். ஆண்ட்ராய்டு வாங்கித் தரலாமா, ஐபோனா? எது நல்லதுன்னு சொல்லு."

எழுத விஷயம் கிடைத்துவிட்டது!

இஞ்சினியரிங் படித்தவன் ஒருவன் குடும்பத்தில் இருந்தால் மிக்சி ரிப்பேரிலிருந்து போன் வாங்குவது வரை அவனைத்தான் கேட்பார்கள். நம்மில் யாரும் இதற்குத் தப்பியதில்லை. நானும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னதில் ஒன்று பெரிய தப்பாகப் போனது. அதையும் சேர்த்தே இந்த இருபது வருடக் கதையைச் சொல்கிறேன்.

ஹாஸ்டலில் ஒரு 6600

2006-ல் நாங்கள் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது ஹாஸ்டலில் பாதிப் பேரிடம் இருந்தது நோக்கியா 1100. டார்ச் லைட்டும், பாம்பு விளையாட்டும், நாலு நாள் நிற்கும் பேட்டரியும் அதன் பெருமைகள். எங்கள் வராண்டாவில் ஒரே ஒருவனிடம் மட்டும் 6600 இருந்தது. ப்ளூடூத்தில் பாட்டு வாங்க அவன் ரூம் வாசலில் க்யூ நிற்கும். அந்தப் போனை இயக்கியது சிம்பியன் என்ற இயங்குதளம். இயங்குதளம் என்பது வேறொன்றுமில்லை, போனுக்குள் உட்கார்ந்து எல்லா வேலையையும் பங்கிட்டுக் கொடுக்கும் மேஸ்திரி. எந்தச் செயலி எப்போது ஓடலாம், திரையில் என்ன தெரியலாம், பேட்டரியை யார் எவ்வளவு குடிக்கலாம் என்பதெல்லாம் அவர் உத்தரவு.

சிம்பியன் 1998-ல் பிறந்தது. சையான் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கையடக்கக் கணிப்பொறிக்காக எழுதப்பட்ட மென்பொருளை எடுத்து, நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா முதலிய கம்பெனிகள் கூட்டாக வளர்த்தன. நாங்கள் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் உலகில் விற்ற ஸ்மார்ட் போன்களில் பாதிக்கு மேல் சிம்பியன்தான். அதற்குப் போட்டி வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் ஹாஸ்டலே சிரித்திருக்கும்.

ஆனால் போட்டி வந்தது. 2007 ஜனவரியில் ஆப்பிள் ஐபோனை அறிவித்தது. அதே வருடம் நவம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டை அறிவித்தது. 2008 ஆகஸ்டில் ஐபோன் இந்தியாவுக்கு வந்தபோது விலை 31,000 ரூபாய். எங்களில் பலருக்கு அது கிட்டத்தட்ட ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம்! சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

அசைக்க முடியாத சிம்பியன் ஏன் சாய்ந்தது? பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி பல காரணங்கள் அடுக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். மிகக் குறைந்த நினைவகத்தில் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணி வடிவமைத்தார்கள். அதனால் அதில் செயலி எழுதுவது பெரும்பாடு. ஒரு பெயரைச் சேமித்து வைக்கக்கூடத் தனிச் சடங்கு வேண்டும். ஆண்ட்ராய்டுக்கோ நாம் லேபில் படித்த அதே ஜாவா போதும். ஆப்பிள் 2008 ஜூலையில் செயலிகளுக்கென்று கடையே திறந்துவிட்டது. எழுதுகிறவர்கள் கூட்டம் எங்கே போனதோ, அங்கே வாங்குகிறவர்கள் கூட்டமும் போனது.

கட்டம் கட்டமாகத் தமிழ்

இந்தப் போட்டி நம் ஊரில் இன்னொரு களத்திலும் நடந்தது. அதுதான் தமிழ்.

ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ்ச் செய்தித்தாள் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள்தான் தெரியும், நினைவிருக்கிறதா? எழுத்துரு இல்லாதது ஒரு காரணம். எழுத்துரு இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. 'கொ' என்ற எழுத்தைக் கணிப்பொறி முதலில் 'க', பிறகு உயிர்க்குறி என்றுதான் சேமித்து வைக்கும். திரையில் காட்டும்போது அந்தக் குறியில் ஒரு பாதி க-வுக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்த இடமாற்றம் இயங்குதளத்துக்குத் தெரியாவிட்டால் எழுத்துகள் பிய்த்துப் போட்ட மாதிரி வரும்.

அப்போது நம் பையன்கள் கண்டுபிடித்துப் பரப்பிய வித்தை ஓபரா மினி. அதன் ரகசிய அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஒரே ஒரு வரியை மாற்றினால், எங்கோ இருக்கும் சர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்! நான் எத்தனை பேர் போனில் அந்த வரியை மாற்றிக் கொடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

இன்னொருபுறம், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 'செல்லினம்' என்ற செயலியை 2005-லேயே கொண்டுவந்து, கைப்பேசியில் தமிழில் எழுத வழி செய்தார். 2013-ல் வந்த ஐ.ஓ.எஸ். 7-ல் தமிழ் விசைப்பலகை போனோடு சேர்ந்தே வந்தது. அதில் ஒன்று தமிழ்99. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அதே விசைப்பலகை! ஆண்ட்ராய்டிலும் அடுத்தடுத்த பதிப்புகளில் தமிழ் நேரானது. 2017 ஆகஸ்டில் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியைக் கூகுள் தந்தது. தட்டச்சு வராத நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் போன் திறந்தது அன்றைக்குத்தான் என்றால் மிகையாகாது.

பெரியப்பா கேட்ட கேள்வி

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

நாமக்கல் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி. அவரே ஓட்டி மகாராஷ்டிரம் வரை போய் வருவார். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆன பெருமையில், அவருக்கு நானே ஒரு ஸ்மார்ட் போன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அப்போது மூன்று நான்கு இயங்குதளங்கள் சந்தையில் முட்டிக்கொண்டிருந்தன. நான் நோட்டுப் போட்டு ஒப்பிட்டேன். வேகம், பேட்டரி, திரையின் அழகு, ஹேங் ஆகாமல் ஓடுவது என்று எல்லாவற்றிலும் மதிப்பெண் வாங்கிய ஒன்றை வாங்கினேன். அது எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். தேர்ந்தெடுத்தவன் நான்.

போன் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியது. ஆனால் லாரி ஆபீசில் எல்லோரும் வைத்திருந்த செயலிகளில் பாதி அதற்கு வரவே இல்லை. "அடுத்த மாசம் வந்துடும் பெரியப்பா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒரு நாள் அவர் நிதானமாகக் கேட்டார்.

"ஏண்டா கண்ணு, வண்டி வாங்கறப்போ நான் என்ன பாப்பேன்னு நெனைக்கறே? இஞ்சின் நல்லாருக்குதான்னு எல்லாருந்தான் பாப்பான். நாக்பூர் தாண்டி நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா, அங்க ஸ்பேர் கெடைக்குமா, கை வெக்கறதுக்கு ஒரு மெக்கானிக் இருக்கானா, அதைத்தான் மொதல்ல பாக்கோணும். நீ இந்தப் போனுக்கு அதைப் பாத்தியா?"

நாலு வருடம் இஞ்சினியரிங் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அதோடு போகவில்லை. பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. பெரியப்பா ரோட்டில் இருக்கும்போதெல்லாம், சாப்பிட்டீங்களா, எந்த ஊரு தாண்டியாச்சு என்று குரலாகப் பேசி அனுப்புவார். சில வருடங்களில் அந்த இயங்குதளத்தை உருவாக்கியவர்களே அதைக் கைவிட்டார்கள். புதுப் போனுக்கு எண்களை மாற்ற முடிந்தது, குரல்களை மாற்ற வழி தெரியவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று பழைய போனைப் பீரோவில் வைத்தோம். பெரியம்மா இறந்த பிறகு எடுத்துப் பார்த்தால் பேட்டரி உப்பிப் போய் உயிரே வரவில்லை. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் விழுந்த அடி

இயங்குதளம் ஒன்று தோற்றால் போன் வைத்திருப்பவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பல மாவட்டங்களிலிருந்தும் பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், அங்கே வேலைக்குப் போனார்கள். நல்ல நாட்களில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த இடம்.

2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலாப், எரியும் எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்கிறோம் என்ற பொருளில் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறினார்கள். அதுவும் கரை சேரவில்லை. 2014 ஏப்ரலில் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. வருமான வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

காலச் சக்கரம் சுற்றுவதைப் பாருங்கள். அதே ஆலையைப் பின்னால் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கியது. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் 2019-லிருந்து புது ஐபோன்களைக் கோக்கிறது. ஒரு காலத்தில் நாம் கண்ணாடி வழியாகப் பார்த்த போன் இன்று நம் மாநிலத்துப் பெண்கள் கையால் தயாராகிறது.

கடைசியில் இரண்டே பேர்

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? 2014-ல் ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். 2,000 ரூபாய்ப் போனில் இந்தியாவுக்கு வந்து, அடுத்த வருடமே கைவிடப்பட்டது. அதன் கிளையான கை ஓ.எஸ். 2017-ல் ஜியோபோனில் ஏறி, 1,500 ரூபாய் டெபாசிட்டில் கிராமம் கிராமமாகப் போனது. வாட்ஸ்அப் 2017-ல் சிம்பியனுக்கும் பிளாக்பெரிக்கும் விடை கொடுத்தது, 2019 கடைசி நாளோடு விண்டோஸ் போனுக்கும் கொடுத்தது. பிளாக்பெரி தன் பழைய போன்களுக்கான சேவைகளை 2022 ஜனவரியில் மூடியது. பணம் அனுப்பும் பீம் செயலி 2016 டிசம்பரில் வந்தபோது முதலில் ஆண்ட்ராய்டுக்குத்தான் வந்தது, பிறகு ஐபோனுக்கு. முட்டை விலை, லோடு விவரம், ஈ-வே பில், ஃபாஸ்டேக் எல்லாம் போனுக்குள் வந்துவிட்ட நம் சேலம், நாமக்கல் சீமையில் இது சின்ன விஷயமா?

இன்று இந்தியாவில் நூறு ஸ்மார்ட் போனில் தொண்ணூறுக்கும் மேல் ஆண்ட்ராய்டு, மிச்சம் ஐபோன். கூட்டம் இருக்கும் இடத்தில் இருப்பது வசதிதான். ஆனால் ரோட்டில் ஒரே ஒரு மெக்கானிக் மட்டும் இருந்தால் அவன் சொன்னதுதான் கூலி! 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 'பார்ஓஎஸ்' என்ற இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. அதற்கும் அடித்தளம் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்தான். நல்ல முயற்சி. ஆனால் அதற்கும் பெரியப்பாவின் கேள்விதான் பரீட்சை.

ஆகவே, அண்ணே...

பையனுக்கு எது வாங்கலாம் என்று கேட்டீர்கள். இரண்டில் எதுவும் வாங்கலாம். கடைக்காரர் கேமராவைப் பற்றிப் பேசும்போது நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். அவனோடு படிக்கிறவர்களும் அவன் கல்லூரியும் பயன்படுத்தும் செயலிகள் இதில் ஓடுமா? எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? (இப்போது சில கம்பெனிகள் தங்கள் உயர்ரகப் போன்களுக்கு ஏழு வருடம் என்றே சொல்கின்றன.) நாளைக்கு வேறு போனுக்கு மாறினால் படம், எண், குரல் எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடியுமா? மூன்றாவதற்கு மட்டும் பதிலை நம்பிவிடாமல், வாங்கிய வாரமே எடுத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் படிக்கும் மொழியும் கருவியும் பதினைந்து வருடத்தில் சிம்பியன் ஆகலாம். பயப்பட வேண்டாம், அடிப்படையைப் பிடித்துக்கொண்டவர்கள் அடுத்த வண்டியில் ஏறிக்கொண்டார்கள். நாளை நீங்களே ஒரு இயங்குதளத்தை எழுதலாம். எழுதினால், அதை மூடும் நாளில் ஒரு பெரியம்மாவின் குரல் வெளியே வர ஒரு கதவு வைத்துவிட்டு மூடுங்கள்.

பெரியப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. அவர் போனில் வரும் குரல்களையும் படங்களையும் மாதம் ஒருமுறை நான் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறேன். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது யாருக்காவது அதைச் செய்துகொள்ளத் தெரியவில்லை என்றால் என்னிடம் போனைக் கொடுங்கள், டீ குடித்து முடிப்பதற்குள் செய்து தருகிறேன்.