நிலக்கரிக்குள் மரக்கரி பிறந்த கதை

நிலக்கரித் துண்டு முழுவதும் கையில் ஒட்டாது. பளபளக்கும் பட்டைகளைத் தடவினால் விரல் சுத்தமாகவே இருக்கும். நடுவில் பட்டுபோல் மின்னி, தொட்டதும் பொடியும் மெல்லிய அடுக்கு ஒன்று ஓடும். கையைக் கறுப்பாக்குவது அதுதான். 1919இல் பிரிட்டனின் தொல்தாவரவியலாளர் மேரி ஸ்டோப்ஸ், நிலக்கரியில் வெறுங்கண்ணுக்கே தெரியும் நான்கு கூறுகளைப் பிரித்துக் காட்டினார். இந்த அடுக்கை அவர் ஃபியூசைன் என்று குறித்தார்.

அது மரக்கரி. 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக்காடு ஒன்றில் தீப்பிடித்தபோது பிறந்தது. சூட்டில் மரத்திலிருந்து வெளியேறும் வாயுக்கள்தான் சுடர்விட்டு எரிகின்றன. ஆக்சிஜன் எட்டாத உள்கட்டை சாம்பலாகாமல் கரியாகிவிடும். ராமநாதபுரத்துக் கரிமூட்டத்தில் மண் பூசிக் காற்றை அடைப்பதும் இதற்காகத்தான்.

கரியானதால்தான் அது தப்பியது. எரியாத மரங்கள் சதுப்பில் ஊறி, மட்கி, நசுங்கி உருத்தெரியாமல் போயின. பூஞ்சையும் பாக்டீரியாவும் கரியை எளிதில் தின்பதில்லை. அதன் செல் சுவர்களை இன்றும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். யார்க்‌ஷயரின் ஸ்விலிங்டனில், நிலக்கரிக் காலப் பாறையில் கிடைத்த கரித்துணுக்குகளில் ஊசியிலைத் தாவரம் ஒன்றை அடையாளம் கண்டு 1974இல் அறிவித்தார் தொல்தாவரவியலாளர் ஆண்ட்ரூ ஸ்காட். அந்த இனத்தில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அழிக்க வந்த நெருப்பே அந்தத் தாவரத்தைக் காப்பாற்றித் தந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஃபியூசைன் தீயில் பிறந்ததை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மரம் மட்கியே அப்படி ஆகியிருக்கலாம் என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. இன்றைய கரியையும் பழைய கரியையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்ட பிறகே நெருப்பின் பக்கம் வலுத்தது.

இந்தக் கரி பழங்காலக் காற்றுக்கும் சாட்சி. இன்று காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஏறத்தாழ 15 சதவீதத்துக்குக் கீழே போனால் காட்டுத்தீ பரவாது. ஆகவே கரி கிடைக்கும் காலத்தில் எல்லாம் அந்த அளவுக்காவது ஆக்சிஜன் இருந்திருக்க வேண்டும். வேல்ஸிலும் போலந்திலும் கிடைத்த மிகப் பழைய கரிக்கு வயது 43 கோடி ஆண்டுகள். மரங்களே தோன்றாத காலம். குட்டைச் செடிகளும் பூஞ்சைகளும்தான் எரிந்தன.

நம் தாமோதர் பள்ளத்தாக்கில், ராணிகஞ்ச் நிலக்கரியிலும் இத்தகைய கரி கிடைத்திருக்கிறது. குளோசோப்டெரிஸ் மரங்கள் நிறைந்திருந்த, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காடு அது. அப்போது இந்தியா பூமத்தியரேகைக்கு வெகு தெற்கே, கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தோடு ஒட்டியிருந்தது.