எந்தப் பஞ்சாங்கத்துல பாத்த?

கரியமாணிக்கத்தில் பெரியப்பா வீட்டு மொட்டைமாடி. மாலை ஆறே முக்கால். இஞ்ச் டேப்பைத் துண்டு போட்டு, பிவிசி குழாயில் பொருத்தி நானே செய்த யாகி ஆண்டெனாவைத் தென்மேற்கே நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஹாம் ரேடியோ உரிமம் வாங்கிய புதிது. லேப்டாப் கணக்குப்படி 6:47க்கு சர்வதேச விண்வெளி நிலையம் கரும்புக் கொல்லைக்கு மேலே எழ வேண்டும். 145.800 மெகாஹெர்ட்ஸில் அது படங்கள் அனுப்பிக்கொண்டிருந்த வாரம் அது. 6:47 ஆச்சு, 6:57 ஆச்சு. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கேட்டார்: "நேரத்த எதுலடா பாத்த? வாக்கியமா, திருக்கணிதமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்குக் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

தரையில் இருப்பவருக்கு, தாழ்வாகச் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். எந்தத் திசையில் எழும், எவ்வளவு உயரம் ஏறும், எப்போது மறையும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் ஆண்டெனாவால் பயனில்லை. 1961 டிசம்பர் 12 அன்று ஏவப்பட்ட முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கர்-1, மோர்ஸில் 'ஹாய்' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மூன்று வாரம் சுற்றியது. 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்டவர்கள் கேட்டதாக எழுதினார்கள். அவர்கள் யார் வீட்டிலும் கணினி இல்லை.

பின்னால் வந்த ஹாம்கள் ஆஸ்கர்லொகேட்டர் என்ற அட்டையை வைத்துக்கொண்டார்கள். துருவத்தை நடுவில் வைத்த ஒரு வரைபடம், அதன்மேல் சுழலும் கண்ணாடித்தாளில் செயற்கைக்கோளின் பாதை. கோள் நிலநடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தையும் தீர்க்கரேகையையும் பத்திரிகையில் பார்த்து, தாளைத் திருப்பி வைத்தால் போதும். அடுத்த சுற்றுக்கு நேரத்தோடு ஒரு எண்ணைக் கூட்டு, தீர்க்கரேகையை மேற்கே இன்னொரு எண் அளவு நகர்த்து. கோட்பாடு எதுவும் தெரியவேண்டாம். இரண்டு எண்களும் ஒரு செய்முறையும் போதும்.

இன்று அந்த எண்கள் இரண்டு வரிகளாக வருகின்றன, வரிக்கு 69 எழுத்துகள். பஞ்ச் கார்டு காலத்து வடிவம், இன்னும் மாறவில்லை. அதைப் படித்துக் கணக்குப் போடும் எஸ்ஜிபி4 என்ற முறையை, ஃபோர்ட்ரான் நிரலோடு 1980இல் அமெரிக்க விமானப்படைத் தரப்பு வெளியிட்டது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிச்சென்ற நம்முடைய ஹாம்சாட்டை, 42.5 கிலோ எடை, 2014 ஜூலையில் அதன் பேட்டரி கைவிடும்வரை உலகம் முழுக்க ஹாம்கள் பிடித்தது இந்த இரண்டு வரிகளை வைத்துத்தான். நானும் பைத்தானில் ஒரே வரியில் அந்த நிரலை இழுத்துக்கொள்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இதே புதுச்சேரியில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அப்படி முழித்ததாக ஒரு பதிவு இருக்கிறது. மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் வாரன், 1825இல் 'கால சங்கலித' என்ற பெரிய நூலை அச்சிட்டார். அதில் புதுச்சேரிக்காரரான ஒரு பஞ்சாங்கக் கணிதர் வருகிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. இவருக்கு ஞாபகசக்தி உண்டு, ஆனால் கோட்பாடு ஒரு வார்த்தைகூடப் புரியாது என்று வாரன் குறித்துவைத்தார்.

அட்டவணை எப்படி மனதில் நிற்கும்? கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு எண். எண்களைச் சொற்களாக்கி, சொற்களை வாக்கியமாக்கினால் வாய்ப்பாடு சுலோகமாகிவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். நிலவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. நிலவு பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க சுமார் 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட 248 நாள். 'கிட்டத்தட்ட'வைச் சரிசெய்ய 3031 நாள் சுற்று ஒன்று, அதையும் செப்பனிட 12372 நாள் சுற்று ஒன்று. சோழிகள் ரெஜிஸ்டர், வாக்கியங்கள் தரவு, மனிதர் ப்ராசசர்.

அவர் கணித்த கிரகணம் 1825 மே 31 இரவு நிகழ்ந்தது. கணிதத்தின் வரலாற்றை ஆராய்ந்த ஓட்டோ நியூகெபாயர், 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கை அலசினார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. அவரை வியக்கவைத்தது துல்லியம் அல்ல. பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருந்த அதே 248 நாள், புதுச்சேரித் தரையில் சோழிகளாக உயிரோடு இருந்ததுதான்.

52 நிமிடம் என்று படித்ததும் எனக்கு என் மாடி ஞாபகம் வந்தது. அன்று என்ன தப்பு என்று அப்புறம் பார்த்தேன். நான் வைத்திருந்த இரண்டு வரிகள் இரண்டு மாதம் பழையவை. 400 கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. அது நிலையத்தை இழுத்துக் கீழே இறக்கும், அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளுவார்கள். ஒவ்வொரு முறையும் பழைய எண்கள் கொஞ்சம் பொய்யாகும். நிலையம் நான் எதிர்பார்த்ததற்கு ஒன்பது நிமிடம் முன்பே கடந்துபோயிருந்தது. நான் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

நிலவைக் காற்று இழுக்காது, அது வேறு விஷயம். ஆனாலும் கணக்கு என்னைச் சுடுகிறது. வாக்கிய முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய நூல். ஐந்நூறு வருஷம் யாரும் புதிய எண் அனுப்பாமல், அந்த மனிதரின் கையில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது இரண்டு மாதத்தில் செத்துவிட்டது. புரியாமல் கணிப்பவர் என்ற வாரனின் குறிப்பு எனக்கும் பொருந்தும். அவருக்காவது அட்டவணை சொந்தம், தலைக்குள்ளேயே இருந்தது. என்னுடையது யாரோ ஒரு ராணுவத்தின் ராடார் தினமும் அளந்து தருவது. நாளைக்கே அதை நிறுத்தினால், மூன்றாம் மாதம் நான் குருடன்.

அதற்காக வாக்கியமே உசத்தி என்று சொல்லவரவில்லை. வானத்தைப் பார்த்துத் திருத்தாத கணக்கு நழுவும், அந்த 52 நிமிடமே சாட்சி. திருக்கணிதம் வந்ததே அதனால்தான். பெரியப்பாவின் கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்கவேண்டிய பதில்: "திருக்கணிதம்தான் பெரியப்பா, ஆனா போன பங்குனிப் பஞ்சாங்கம்."

மறுநாள் புதிய எண்களை இறக்கிக்கொண்டு மாடியேறினேன். 5:58 என்றது கணக்கு. 5:58க்கு இரைச்சலுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு விசில். படம் வரிவரியாக லேப்டாப்பில் இறங்கியது. பாதியில் நிலையம் அடிவானத்தில் மறைந்துவிட்டது. பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "மீதிப் படம்?" என்றார்.

"அடுத்த சுத்துல, பெரியப்பா. ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"இரு, சாப்டுட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனார்.